நறுக்கும்வரை வெங்காயம் ஏன் சும்மா இருக்கிறது?

கேள்வி: முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரிவதில்லை, நறுக்கினால்தான் எரிகிறது. வாழைக்காயும் நறுக்கிய பிறகுதான் கறுக்கிறது. முழுக் கடுகுக்கு வாசனையே கிடையாது, அரைத்தால் மூக்கில் ஏறுகிறது. அந்த எரிச்சலும் கறுப்பும் நெடியும் அதற்கு முன்னால் எங்கே இருக்கின்றன?

பதில்: எங்கேயும் இல்லை. கத்தியோ அம்மியோ பட்ட பிறகுதான் அவை உண்டாகின்றன. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

மும்பையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

செடியின் செல்லுக்குள் எல்லாம் ஒரே குழம்பாகக் கலந்து கிடப்பதில்லை. சவ்வுத் தடுப்புகளால் பிரித்த பைகள் பல இருக்கின்றன. ஒரு பையில் ஒரு பொருள் இருக்கும், அதன்மேல் வேலை செய்யக்கூடிய நொதி, அதாவது என்சைம், வேறொரு பையில் இருக்கும். தீக்குச்சியை ஓர் அறையிலும், அதை உரசும் பெட்டியை அடுத்த அறையிலும் வைத்த மாதிரி. இடையில் சுவர் நிற்கும்வரை ஒன்றும் நடக்காது. நீங்கள் நறுக்கினாலும், பல்லால் கடித்தாலும், அம்மியில் அரைத்தாலும் சுவர் உடைகிறது. இரண்டும் சேர்ந்த நொடியில் வேலை ஆரம்பமாகிவிடும்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் உள்ள கந்தகத்தை வேர் வழியாக உறிஞ்சி, மணமில்லாத ஒரு கந்தகச் சேர்மமாக அது சேமித்து வைக்கிறது. அல்லினேஸ் என்ற நொதி செல்லின் நடுவில் உள்ள பெரிய நீர்ப்பைக்குள் தனியாக இருக்கிறது. நறுக்கியதும் இரண்டும் கலந்து, நிலையில்லாத ஓர் அமிலம் உருவாகிறது. அதை இன்னொரு நொதி பிடித்து, சட்டென்று ஆவியாகிற பொருளாக மாற்றிவிடுகிறது. அந்த ஆவி கண்ணில் பட்டதும், அதைக் கழுவி வெளியேற்றக் கண்ணீர் சுரக்கிறது. இந்த இரண்டாவது நொதி இருப்பதே நெடுநாள் யாருக்கும் தெரியாது. அல்லினேஸ் உடைத்துவிட்டால் மீதி தானாக நடந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக்நோபல் பரிசு 2013-ல் அவர்களுக்குக் கிடைத்தது. 2015-ல் கண் எரியாத வெங்காயமே அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது.

இது புரிந்துவிட்டால், வீட்டில் சொல்கிற யோசனைகளில் எது உதவும், ஏன் உதவும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். கத்தி கூராக இருந்தால் குறைவான செல்கள் நசுங்கும், ஆவியும் குறையும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிரில் நொதி மந்தமாகும், ஆவியாவதும் குறையும். மின்விசிறி காற்று ஆவியை வேறு பக்கம் தள்ளும். சாம்பாரில் முழுதாகப் போட்ட சின்ன வெங்காயத்தைக் கடித்தால் நெடியே இல்லாமல் இனிக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். சுவர் உடைவதற்கு முன்பே சூடு உள்ளே போய் நொதியைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு கடித்தாலும் கண் எரியாது.

பூண்டும் இதே குடும்பம்தான். முழுப் பல்லாகப் போட்டு வதக்கிய பூண்டுக் குழம்பும், பூண்டைத் தட்டிப் போட்ட ரசமும் மணத்தில் ஒன்றாக இருப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். தட்டும்போது உண்டாவது அல்லிசின். 1944-ல் அமெரிக்காவில் செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களை அது தடுப்பதைக் காட்டினார்கள். பூண்டின் காரமும் மணமும் வேண்டும் என்றால், தட்டிய பூண்டைச் சில நிமிடம் அப்படியே விட்டுவைத்து அப்புறம் அடுப்பில் போடுங்கள். தட்டிய கையோடு கொதிக்கிற ரசத்தில் போட்டால் நொதி வேலையை முடிக்கும் முன்பே வெந்துவிடும்.

இனி வாழைக்காய். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை எல்லாம் கிடைப்பதால் செம்பூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருவார்கள். எங்கள் மாடியில் இருக்கும் பாலக்காட்டு மாமி அங்கிருந்து வாழைப்பூ வாங்கிவந்தால், அரிவாள்மனையை எடுக்கும் முன்பே ஒரு பாத்திரத்தில் நீர்மோரைக் கரைத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார். பூவின் நரம்பை எடுத்து, சேர்த்துப் பிடித்து அரிந்து, அரிந்ததெல்லாம் நேரே மோருக்குள். "மோர் இல்லாம வச்சா கறுத்துப்போயிடும், எங்கம்மா இப்படித்தான் பண்ணுவா. ஆனா ஏன்னு மட்டும் யாரும் சொன்னதில்லே, நீ சொல்லு" என்று ஒருநாள் கேட்டார்.

மாமியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வாழையில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற தாமிரம் உள்ள நொதி இருக்கிறது. அது வேலை செய்கிற ஃபீனால் பொருட்கள் வேறு பையில் இருக்கின்றன. நறுக்கியதும் இரண்டும் சந்திக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. ஃபீனால் குயினோனாக மாறி, குயினோன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பாகி, அப்புறம் கறுப்பாகின்றன. வெறும் தண்ணீரில் போட்டால் காற்று படுவது குறையும், அது பாதி உதவி. மோரில் போட்டால் அதன் புளிப்பில் நொதியும் மந்தமாகிவிடும். எலுமிச்சைச் சாறு இன்னும் ஒருபடி மேல்: புளிப்போடு அதில் உள்ள வைட்டமின் சி, உருவாகிவிட்ட குயினோனையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மாமியின் அம்மாவுக்கு நொதி தெரியாது, ஆனால் நொதியை எப்படி அடக்குவது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. சமையலறையில் இப்படித் தலைமுறையாக வந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். வேதியியல் வகுப்பில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. வாழையில் இப்படிக் கறுக்கிற முக்கியமான பொருள் டோபமின், நம் மூளையில் வேலை செய்கிற அதே டோபமின்தான். (வாழைப்பழம் தின்றால் அது மூளைக்குப் போய்விடாது. ரத்தத்தில் உள்ள டோபமினை மூளையின் தடுப்புச் சுவர் உள்ளே விடாது.) நம் தோலுக்கும் முடிக்கும் கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்குகிற டைரோசினேஸும் இதே மாதிரி தாமிரம் உள்ள நொதி. வாழைக்காய்த் துண்டு கறுப்பதும் நம் தலைமுடி கறுப்பாக இருப்பதும் வேதியியலில் நெருங்கிய சொந்தம்.

லோக்கல் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் போகிறவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் வீடு திரும்பும் பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு ராத்திரி சமையலுக்கு வேண்டியதை அங்கேயே ஆய்ந்துவிடுவார்கள். பட்டாணி உரிப்பார்கள், வெந்தயக்கீரை ஆய்வார்கள், கொத்தவரங்காய்க்கு நார் எடுப்பார்கள். கத்திரிக்காய், வாழைக்காய் நறுக்கி நான் பார்த்ததில்லை. கல்யாண் போய்ச் சேர்வதற்குள் அது கறுத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே கறுப்பை நாம் வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. அதுதான் டீ. பறித்த இலையை நசுக்கினால் இதே வகை நொதி இலையில் உள்ள ஃபீனால்களைச் சிவப்பாகவும் பழுப்பாகவும் மாற்றுகிறது. இங்கே கட்டிங் சாய்க்குப் போடும் குருணைத் தூள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறையில் செய்தது. 1930-களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த இயந்திரம் அது. பச்சைத் தேயிலைக்கு இலையை முதலிலேயே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி நொதியைக் கெடுத்துவிடுவார்கள், அதனால் நிறம் மாறுவதில்லை. இரண்டுமே ஒரே செடியின் இலைதான்.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். சேப்பங்கிழங்கு, சேனை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே முக்கியமான காரணம் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். அவை கிழங்கில் முன்பே தயாராக இருக்கின்றன, தோலில் குத்துகின்றன.

கடுகுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இப்போது மாட்டுங்காவில் இருக்கிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அங்கே சேர ஆசை. அவர்களுக்கு நொதி பற்றிச் சொல்லும்போது இரண்டு கிண்ணத்தில் கடுகுப் பொடியைக் கொடுப்பேன். உலர்ந்த பொடியை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்றில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் குழைக்கச் சொல்வேன். சில நிமிடம் போனதும் முதல் கிண்ணத்தின்மேல் குனிந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுவார்கள். கொதிநீர் ஊற்றியதில் வெறும் கசப்பு வாடை. கடுகு ஒன்றுதான், தண்ணீரின் சூடு மட்டும் வேறு.

கருங்கடுகில் உள்ள பொருள் சினிக்ரின். அதை உடைக்கும் நொதி மைரோசினேஸ். 1840-லேயே பிரெஞ்சு வேதியியலர் அந்துவான் புஸ்ஸி இந்த ஜோடியைப் பிரித்துக் காட்டிவிட்டார். விதைக்குள் இரண்டும் வேறு வேறு செல்களில் இருக்கின்றன. அரைத்தால் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும், ஏனென்றால் இந்த உடைப்பில் தண்ணீரும் பங்கெடுக்கிறது. அப்போதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரமான எண்ணெய் உண்டாகிறது. கொதிநீர் நொதியைக் கெடுத்துவிட்டதால் சினிக்ரின் அப்படியே கிடந்தது.

தாளிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. சூடான எண்ணெயில் விழும் கடுகின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கிறது, நொதி அந்தச் சூட்டில் போய்விடுகிறது. அதனால்தான் தாளித்த கடுகில் காரம் இருப்பதில்லை, வறுத்த பருப்பு மாதிரியான ஒரு மணம் மட்டும் இருக்கிறது. மாமி வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குத் தேங்காயோடு பச்சைக் கடுகை அரைத்துவிடுவார். அது நாக்கில் ஏறும், தாளித்தது ஏறாது. நீங்கள் பச்சடி செய்தால் கடுகை முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, கொஞ்சம் விட்டுவைத்து, அப்புறம் தயிரில் சேருங்கள். எடுத்த எடுப்பில் புளிப்பில் சேர்த்தால் நொதி மந்தமாகிவிடும்.

செடிகள் இதையெல்லாம் நம் சமையலுக்காகவா வைத்திருக்கின்றன? கடிக்கிற பூச்சிக்காக. எப்போதும் விஷத்தைச் சுமந்துகொண்டிருந்தால் செடிக்கே கெடுதல். கடித்த இடத்தில், கடித்த நேரத்தில் மட்டும் உண்டானால் போதும். ஆனால் பூச்சிகளும் சும்மா இருக்கவில்லை. முட்டைகோஸ் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, தன் வயிற்றில் ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு அந்த வினையையே வேறு பக்கம் திருப்பி, தீங்கு குறைந்த பொருளாக்கிவிடுகிறது.

செல் உடைந்த பிறகும் வேதியியல் நடக்கும் என்பதை இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சர்க்கரை நொதிக்கும் விஷயத்தில் ஒரு காலத்தில் பலர் அதை நம்பவில்லை. சர்க்கரையை நொதிக்கவைக்க ஈஸ்ட் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பது பிரெஞ்சு அறிவியலர் லூயி பாஸ்டரின் கருத்து. ஜெர்மனியில் எடுவர்டு புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, செல்களை உடைத்து, பிழிந்த சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை போட்டு வைத்தார். சாறில் குமிழி வந்தது. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமலே நொதித்தல் நடந்தது. 1897-ல் அதை வெளியிட்டார், 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் வெங்காயத்திலும் கடுகிலும் பார்ப்பது அந்தச் சோதனையின் உறவுதான்.

கடைசியாக, இதே வேதியியலைக் கவனமாகக் கையாள வேண்டிய ஓர் இடம். மும்பையில் விரத நாள் வந்தால் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் நம் சேலத்துப் பக்கம் மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்தது. மரவள்ளியில் லினமாரின் இருக்கிறது. கிழங்கை நசுக்கினால் லினமாரேஸ் என்ற நொதி அதை உடைக்க, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. இங்கே சுவரை நன்றாக உடைப்பதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் ஹைட்ரஜன் சயனைடு ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். துருவி, அரைத்து, பலமுறை நீர் விட்டு அலசும்போது கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் தண்ணீரோடு போகும். வீட்டில் கிழங்காக அவித்துச் சாப்பிடுகிறவர்கள் தோலைத் தடிமனாகச் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற நீரில் நேரே போட்டால் நொதி உடனே கெட்டு, லினமாரின் உடையாமல் தங்கிவிடும். மூடாமல் வேகவிட்டு, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மரவள்ளியை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது, குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது.