கெண்டைக்கால் வலி போய்விட்டது, செருப்பு ஏன் கழல்கிறது?

கேள்வி: ஷட்டில் ஆடும்போது கெண்டைக்கால் தசை கிழிந்தது. முழங்கால்வரை கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றியிருந்தேன். ஒன்றரை மாதத்தில் வலி போய்விட்டது. ஆனால் பாதத்தின் மேற்புறம் மரத்திருக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது. தசை இன்னும் ஆறவில்லையா?

பதில்: தசை ஆறியிருக்கும். செருப்பு கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். அதற்குக் கீழே எலும்பை ஒட்டி வளைந்து வரும் நரம்புதான் பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்க வைக்கிறது. அந்த இடத்தில் அதற்குத் தோலைத் தவிர பெரிய பாதுகாப்பில்லை. வீக்கமோ உள்ளே கட்டிய இரத்தமோகூட அதை அழுத்தலாம். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் பேண்டேஜ் மேல்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். அந்தப் பாதம் மட்டும் தொப்பென்று விழுகிறதா? அப்புறம் பாதத்தை உள்பக்கமாகத் திருப்புங்கள். அது பலமாக வந்தால் கோளாறு முழங்கால் அருகே இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிலும் பலம் குறைந்தால் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் வட்டையும் (டிஸ்க்) பார்க்க வேண்டும். எப்படியானாலும் இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் சோதனை) அடிபட்டு 3 வாரம் கழிந்த பிறகே தெளிவாகச் சொல்லும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. இரத்தம் கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் தெரியும். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு சின்ன அழுத்தத்தையே தாங்காது.

நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். உள்ளிழை சேதமாகியிருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுக்கத்தான் வேண்டும். அதுவரை சம்மணம், குத்தவைத்து உட்காருதல், கால்மேல் கால் எதுவும் கூடாது. கால் தடுக்காமலிருக்கப் பாதத்தைத் தாங்கும் ஸ்ப்ளின்ட், குதிகால் தசைநார் இறுகாமலிருக்க பிசியோதெரபி. சுளுக்கு வழிக்கிறவரிடம் போக வேண்டாம். மரத்த பாதத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். வைட்டமின் மாத்திரை அழுத்தத்தை எடுத்துவிடாது.

புதிதாக அடிபட்டவர்களுக்கு ஒன்று: கெண்டைக்கால் கல்லாக இறுகி, மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்து, பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் உயிர்போகிற மாதிரி வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சில மணி நேரத் தாமதத்தில் தசையே செத்துவிடும்.

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் 3 மாதமாகியும் கட்டைவிரல் கொஞ்சமும் எழவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.