கிரியோன் முதலில் எங்கே போனான்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். கிரேக்க அவல நாடகங்களைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன். மூத்த மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டதால் நான்கு வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. உறவினர் யாரும் அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்தேன். போன ஐப்பசியில் என் அம்மா இறந்தபோதுகூட அவளுக்குத் தகவல் சொல்ல விடவில்லை. சமீபத்தில் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தை மறுபடி படித்தேன். அதில் வரும் அரசன் கிரியோனிடம் என்னையே பார்த்தேன். அகந்தைதான் என் குறை என்று புரிந்தது. அவளை மன்னிக்கவும் மனம் வந்துவிட்டது. வரும் ஐப்பசியில் அம்மாவின் வருஷத் திதி, தையில் சின்னவள் கல்யாணம். இரண்டும் நல்லபடி முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். என் மனைவி இப்போதெல்லாம் இதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. தன் குறையைத் தானே உணர்ந்துவிட்ட மனிதனுக்கு, அந்த நாடகங்களில் வரும் முடிவு நேராமல் போகுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அகந்தையைப் பற்றியது. அதை ஓரமாக வைத்துவிட்டேன். "இரண்டும் நல்லபடி முடிந்ததும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

கிரியோன் மனம் மாறிய கட்டத்தை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊர்மீதே படையெடுத்து வந்து செத்த பாலினைசிஸின் உடலை யாரும் புதைக்கக் கூடாது என்பது அவன் ஆணை. அதை மீறிய, பாலினைசிஸின் சகோதரி ஆன்டிகனியை உயிரோடு கற்குகையில் அடைத்துவிட்டான். குறி சொல்லும் பார்வையற்ற டைரீசியஸ் வந்து எச்சரித்தபோது, காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்று அவரையே பழித்தான். அவர் உன் வீட்டிலேயே பிணம் விழும் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு ஆடிப்போய், ஊர்ப் பெரியவர்களிடம் என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். அவர்கள் சொன்ன வரிசை தெளிவானது: போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவா, புதைக்காமல் கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. சீக்கிரம் போ என்றும் சொன்னார்கள். நான்தான் அவளைக் கட்டினேன், நானே போய் அவிழ்ப்பேன் என்று கிரியோனும் கிளம்புகிறான்.

ஆனால் அவன் முதலில் எங்கே போனான்? தூதன் வந்து சொல்வதைப் படியுங்கள். முதலில் சமவெளிக்குப் போனார்கள். நாய்கள் குதறிப் போட்டிருந்த பாலினைசிஸின் உடலைக் கழுவினார்கள். தெய்வங்களின் கோபம் தணியப் பிரார்த்தித்தார்கள். புதிதாகக் கிளைகளை வெட்டி, மிச்சம் இருந்ததை எரித்து, சொந்த மண்ணால் உயரமாக மேடு எழுப்பினார்கள். அதற்கு அப்புறம்தான் குகைக்குப் போனார்கள். தூரத்திலேயே அழுகுரல் கேட்டது. உள்ளே ஆன்டிகனி மெல்லிய துணியால் தூக்கிட்டுத் தொங்கினாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஹைமோன், கிரியோனின் சொந்த மகன், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினான். அப்பாவைக் கண்டதும் வாளை உருவிப் பாய்ந்தான். குறி தப்பியது. அதே வாளில் தன்னைச் சாய்த்துக்கொண்டான்.

கிரியோன் சமவெளியில் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இறந்தவனுக்குச் செய்ய வேண்டிய கடன்தான் அது. நீங்கள் அம்மாவுக்குத் திதி கொடுக்கப் போவதும் அப்படித்தான். முறையாகச் செய்யுங்கள். ஆனால் உயிரோடு இருப்பவள் காத்திருக்க, இறந்தவருக்கு முதலில் போகத் தோன்றுவது ஏன்? இறந்தவர் திருப்பிக் கேட்க மாட்டார். உங்கள் அம்மா எதுவும் கேட்கப் போவதில்லை. மகள் கேட்பாள். பாட்டி முகத்தை ஏன் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்றுதான் முதலில் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாள் குறித்திருக்கிறீர்கள்.

குறையை உணர்ந்துவிட்டேன், போதுமா என்கிறீர்கள். போதாது. சிறந்த நாடகத்தின் நாயகன் உத்தமனும் இல்லாத, கொடியவனும் இல்லாத ஒருவன், ஒரு பிழையால் வீழ்கிறவன் என்றுதான் அரிஸ்டாட்டில் எழுதினார். வகுப்பறைகளில் அதை ஆளுக்கொரு குணமாகச் சுருக்கிவிட்டோம். கிரியோனுக்கு அகந்தை, ஈடிபஸ் மன்னனுக்குக் கோபம் என்று தேர்வுக்கு எழுதவும் அது வசதி. குணம் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே அதை ஒப்புக்கொள்ளலாம். நீங்கள் செய்தது ஒரு காரியம், ஐயா. உறவினர்களைத் தடுத்தீர்கள். சாவுச் செய்தியை மறைத்தீர்கள். இன்னும் சில மாதம் தள்ளிப் போடலாம் என்பதும் அந்தப் பட்டியலில் சேர்கிற காரியம்தான்.

இன்னொன்றும் என்னைச் சுட்டது. "அவளை மன்னிக்கவும் மனம் வந்துவிட்டது" என்கிறீர்கள். எதற்கு மன்னிப்பு? தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். அது குற்றமில்லை. கி.மு. 428-இல் யூரிபிடிஸ் மேடையேற்றிய 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தை நீங்களும் நடத்தியிருப்பீர்கள். இறந்த மனைவியின் கையிலிருந்த, மகன்மேல் பொய்ப் பழி சுமத்திய ஓலையை நம்பி, அரசன் தீசியஸ் அன்றைக்கே மகன் ஹிப்போலிட்டஸைச் சபித்து நாட்டை விட்டு விரட்டுகிறான். சாட்சியும் தேடவில்லை, குறி சொல்பவர்களையும் கேட்கவில்லை, காலமும் கொடுக்கவில்லை என்று ஆர்ட்டெமிஸ் தேவி அவனைக் கடிந்துகொள்கிறாள். அந்தச் சாபத்தால் உடல் சிதைந்து தூக்கிவரப்பட்ட மகன் சாகும் முன் அப்பாவை மன்னிக்கிறான். அங்கே மன்னித்தது மகன். உங்கள் வீட்டிலும் அந்த உரிமை மகளிடம்தான் இருக்கிறது. அவள் மறுக்கலாம். மறுத்தாலும் பெற்றவர் போய் நிற்கத்தான் வேண்டும்.

தை வரை ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருவதால் ஊகிக்க முடிகிறது. சம்பந்தி வீட்டார் காதுக்கு மூத்தவள் விஷயம் போய்விடும் என்ற அச்சம். யூரிபிடிஸின் இன்னொரு நாடகத்தில், ட்ராய்ப் போருக்குப் படையோடு ஆலிஸ் துறைமுகத்தில் காத்திருந்த அரசன் அகமெம்னானுக்கு இருந்ததும் இதுதான். கப்பல்கள் புறப்பட மகள் இஃபிஜினியாவைப் பலி கொடுக்க வேண்டும் என்று குறி சொல்லப்பட்டதால், வீரன் அக்கிலிஸுக்குக் கல்யாணம் செய்துவைப்பதாகப் பொய் சொல்லி அவளை வரவழைத்தான். மனம் கேட்காமல், வராதே என்று இரண்டாவது கடிதம் எழுதினான். தம்பி மெனலாஸ் அதைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு அந்தத் தம்பியே மனம் இளகி, உன் பெண்ணைக் கொல்லாதே என்கிறான். அப்போது அகமெம்னான் சொன்ன காரணம், படை சும்மா விடாது என்பது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து மகளைப் பலி கொடுக்கத் துணிந்தான்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. கிரியோனின் மனைவி யூரிடிசி, மகன் செத்த செய்தியைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள். அந்த மௌனம் கனமாக இருக்கிறதே என்று பெரியவர்கள் கலங்குகிறார்கள். உள்ளே அவளும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஒரு தாய் பெற்ற மகளைப் பார்க்காமல் இருக்கிறாள். அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்பதை ஆறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது இது. இந்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போங்கள். சோபோக்ளிஸ், கிரியோன் பேச்செல்லாம் அங்கே வேண்டாம். "பாட்டி இறந்ததை உனக்குச் சொல்ல விடாதது நான் செய்த தப்பு" என்று அவளிடமும் மாப்பிள்ளை முன்னாலும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாமல் திரும்பி வந்து, மறுபடி போங்கள். அவள் சம்மதித்தால் ஐப்பசித் திதிக்கு இருவரையும் கூப்பிடுங்கள். பேத்தியும் வந்து பாட்டிக்கு இலை போடட்டும். யாரிடமெல்லாம் வாசலை மிதிக்காதே என்றீர்களோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் உங்கள் வாயாலேயே அதைத் திரும்பப் பெறுங்கள்.

பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போய், எங்களுக்கு மூத்த மகளும் மருமகனும் உண்டு, கல்யாணத்தில் முன்னால் நிற்பார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் அதை ஏற்க மறுத்தால், சின்னவளை உட்காரவைத்து நடந்ததை மறைக்காமல் சொல்லி, இந்த வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று அவளையே கேளுங்கள்.