மயில் தோகை ஃப்ளை: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: பிரிஸ்டலில் இருக்கிறேன். பக்கத்தில் உள்ள பிளாக்டன் ஏரியில் டிரவுட் பிடிக்க, 'பிளாக் அண்ட் பீகாக் ஸ்பைடர்' என்ற ஃப்ளையை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பூச்சி போன்ற செயற்கை இரையை) நானே கட்ட விரும்புகிறேன். கட்டும் கருவிகளின் முழு செட் வாங்க வேண்டுமா? மயில் தோகையை ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

பதில்: தோகையைக் கொண்டுவராதீர்கள். தானாக உதிர்ந்ததே ஆனாலும், இந்தியாவிலிருந்து மயில் தோகை ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. பெட்டியில் வைத்தாலும் சுங்கத்தில் பறிபோகும். தூண்டில் கடைகளில் ஒற்றைத் தோகையாகவே கிடைக்கிறது.

முழு செட்டும் வேண்டாம். 1950-களில் டாம் ஐவன்ஸ் என்ற தூண்டில்காரர் இங்கிலாந்து நீர்த்தேக்கங்களில் பரவலாக்கிய இந்த ஃப்ளைக்கு வாலும் இல்லை, சிறகும் இல்லை. தண்ணீரில் வண்டு போலவும் நத்தை போலவும் தெரியும் குண்டு உடல்தான் இதன் பலம். தூண்டில் முள்ளைப் பிடிக்கும் வைஸ், நூல்கண்டைப் பிடிக்கும் பாபின், கூர்மையான கத்தரி, கறுப்பு நூல், மெல்லிய செப்புக் கம்பி, 10 முதல் 14 வரையிலான எண்ணில் வெட் ஃப்ளை (மூழ்கும் ஃப்ளை) முள் போதும். டிரை ஃப்ளை (மிதக்கும் ஃப்ளை) முள் வேண்டாம். அந்த முள்ளின் கம்பி மெலிது, சரியாக மூழ்காது.

காசை இறகில் போடுங்கள். கேட்க வேண்டியது கறுப்புப் பெட்டைக்கோழியின் கழுத்து இறகு. சேவல் இறகு விறைப்பானது, தண்ணீரில் அசையாது. மலிவு பாக்கெட்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

முள்ளின் காதிலிருந்து (தூண்டில் நரம்பு நுழையும் துளையிலிருந்து) 2 மி.மீ. விட்டு, நூலை முள்ளின் வளைவு வரை சுற்றுங்கள். அங்கே கம்பியையும் மூன்று நான்கு தோகை இழைகளையும் கட்டுங்கள். இழையின் நுனி எளிதில் முறியும், இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு நுனிப்பக்கமாகக் கட்ட வேண்டும். இழைகளைச் சேர்த்து முறுக்கி, நெருக்கமாக முன்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு கம்பியை எதிர்த்திசையில் நான்கைந்து சுற்று. இதை விட்டால் டிரவுட்டின் பல் பட்டு இழை அறுந்து, ஓரிரு மீனிலேயே உடல் பிரிந்துவிடும்.

கோழி இறகு இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று போட்டால் தூரிகை போலாகி மூழ்கத் தாமதமாகும். அதன் இழைகள் முள்ளின் வளைவைச் சற்றே தாண்டினால் போதும். தொடக்கத்தில் விட்ட 2 மி.மீ. இடம் தலை கட்டுவதற்குத்தான். உடல் அதையும் விழுங்கிவிட்டால் முடிச்சு காதை அடைக்கும். தலைக்கு ஒரு சொட்டு வார்னிஷ் வையுங்கள். அது காய்வதற்குள் ஓர் இறகுத் தண்டைக் காதுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஏரிக்கரையில் நரம்பு நுழையாது.