ஷாங்காயின் புதோங் என்பது என்ன? அது தனி நகரமா?

சீனாவின் ஷாங்காய் நகருக்கு நடுவே ஹுவாங்பூ ஆறு ஓடுகிறது. புதோங் என்றால் அந்த ஆற்றுக்குக் கிழக்கே என்று பொருள். மேற்குக் கரைக்குப் புஷி என்று பெயர். புதோங் தனி நகரம் இல்லை, ஷாங்காய் மாநகரின் ஒரு மாவட்டம். பரப்பு ஏறக்குறைய 1,200 சதுர கிலோமீட்டர்.

பழைய நகரம் மேற்கில்தான் வளர்ந்தது. கிழக்கில் வயல்கள், கிடங்குகள், சில ஆலைகள். "புதோங்கில் ஓர் அறையைவிடப் புஷியில் ஒரு கட்டில் மேல்" என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். காரணம் ஆறுதான். கடக்கப் பெரும்பாலும் படகை நம்ப வேண்டும், மூடுபனி இறங்கினால் படகும் நின்றுவிடும். கொல்லைப்புறம் விசாலமாக இருந்தும் அங்கே போகக் கதவு வைக்காத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1990இல் சீன அரசு புதோங்கை வளர்க்கப்போவதாக அறிவித்தது. 1991இல் நான்பூ பாலமும் 1993இல் யாங்பூ பாலமும் வந்தன. கதவு திறந்தாகிவிட்டது. அப்புறம் நடந்தது எனக்கு இன்றும் வியப்புதான்: 1994இல் 468 மீட்டர் உயர ஓரியண்டல் பேர்ல் கோபுரம், 1999இல் விமான நிலையம், பிறகு 632 மீட்டர் ஷாங்காய் டவர். பங்குச் சந்தையும் இங்கேதான் இருக்கிறது.

படங்களில் பார்த்துவிட்டுப் புதோங் முழுவதும் வானளாவிய கட்டடங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை நெருங்கி நிற்பது ஆற்றோரத்து லூஜியாசுய் பகுதியில் மட்டும்தான்; தெற்கே நான்ஹுய் பக்கம் போனால் இன்றும் பீச் பழத் தோட்டங்கள் இருக்கின்றன.