பேஸ்பாலில் அதிக ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்த்துவது) எடுத்தவரை அந்த சீசனின் சிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) என்று சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். நீங்கள் அமெரிக்க பேஸ்பாலுக்குப் புதியவர் என்று தோன்றுகிறது. பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கைக் காட்டி யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

1987ஆம் ஆண்டைப் பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் நோலன் ரையனுக்கு அப்போது 40 வயது. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அதிக ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர் அவர்தான்: 270. ரன் கொடுத்த சராசரியிலும் (குறைவாக இருந்தால் நல்லது) அவரே முதலிடம்: 2.76. ஆனால் அவர் பெயரில் ஏறியது 8 வெற்றி, 16 தோல்வி. சொந்த அணியின் பேட்டர்கள் ரன் எடுக்காததற்குப் பழி அவர் தலையில் விழுந்தது. லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் கைநழுவிப் போனது.

இது என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் மகளும் பிட்சர். ஹூஸ்டன் புறநகர்ப் பள்ளி ஒன்றின் சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள். அவளுடைய ஆட்டங்களுக்கு ஸ்கோர் நோட்டு எழுதுவது நான்தான். மூன்றாவது ஸ்ட்ரைக்கை பேட்டர் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால், ஸ்ட்ரைக்அவுட்டுக்கான குறி கே (K). சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்றால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். சென்ற சீசனின் கடைசி ஆட்டம். இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் எதிரணிப் பெண். என் மகள் வீசிய மூன்றாவது ஸ்ட்ரைக்கை பேட்டர் சுழற்றித் தவறவிட்டாள். இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கேட்சரின் கையுறையில் பட்ட பந்து நழுவிப் பின்வேலிக்கு உருண்டது. விதிப்படி பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம்; ஓடினாள். கேட்சர் எடுத்தெறிந்த பந்தும் எங்கோ போக, மூன்றாம் பேஸில் நின்றவள் ஹோம் பேஸுக்கு ஓடி வந்து ரன் எடுத்தாள். எதிரணிக்கு 1-0. நோட்டில் கே எழுதினேன். தோல்வியும் என் மகள் பெயரில்தான்.

பரிசளிப்பு விழாவில் சிறந்த பிட்சர் விருது, அவளைவிட மிகக் குறைவாக ஸ்ட்ரைக்அவுட் எடுத்த சக வீராங்கனைக்குப் போனது. “வெற்றிதான் அளவுகோல்” என்றார் பயிற்சியாளர்.   

பெற்ற பாசத்தில் பேசுகிறேன் என்பவர்களுக்கு நோட்டைக் காட்டத் தயார். 1973இல் ரையன் 383 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தபோது 162 ‘வாக்’ (walk: நான்கு தவறான பந்து வீசி பேட்டரை முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்புவது) கொடுத்தாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வாக் பிட்சரின் சொந்தத் தவறு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 2019இல் பிட்சர் கெரிட் கோல் 326 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தும் சை யங் விருது ஜஸ்டின் வெர்லாண்டருக்குப் போனது. அதில் எனக்குக் குறையில்லை. அவரும் 300 எடுத்தவர், கோலைவிட அதிக இன்னிங்ஸ் வீசியவர்.

ஆகவே பட்டியலைத் திறந்தால் முதலில் ஸ்ட்ரைக்அவுட், அடுத்து வாக், பிறகு இன்னிங்ஸ் என்று பாருங்கள். வெற்றி எண்ணிக்கையை அணிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.