ஆமை நடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் தம்பி

திருவான்மியூரில் தனியறை, வேலை கிடைக்கவில்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை, புது ஆட்களிடம் பேசக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 1988 முதல் சென்னை மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு நடை. ஜனவரி முதல் மார்ச் வரை, ராத்திரியில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாகவே நடப்பார்கள். இருட்டில் கூடவே நடந்தால் போதும், பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. மணலில் டிராக்டர் போன மாதிரி, முட்டையிடக் கரையேறிய ஆமையின் தடம் தெரிந்தால், குச்சியால் மெல்லக் குத்தி முட்டைக் குழியைத் தேடுவார்கள். நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கக் கை வேண்டும். நம் கை ஒருவருக்குத் தேவைப்படுவது மனசுக்குப் பெரிய பிடிமானம். ஆறுதல் வார்த்தையைவிட அதை நம்புகிறேன். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் நடையோடு நிறுத்தாதீர்கள்: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.