மாடு வளர்க்கிறவளுக்கு மாட்டுப் பண்ணை எதற்கு?

கேள்வி: நியூசிலாந்தில் இருக்கும் மகன் மார்கழி விடுமுறைக்கு வரச் சொல்கிறான். குவீன்ஸ்டவுனில், ஏரியில் ஓடும் பழைய நீராவிக் கப்பலில் ஏற்றி அக்கரையில் ஒரு பண்ணை காட்டுவானாம். என் பட்டியிலேயே 14 மாடு நிற்கிறது. காசு கொடுத்து மாடு பார்க்கவா அவ்வளவு தூரம்? தண்ணீர் என்றால் பயமும் உண்டு.
— வாசகி, முரசுமோட்டை

பதில்: தங்கச்சி, போய் வாருங்கள். நானும் இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் போன வருஷம் மகள் வீட்டுக்குப் போனேன்.

31 வருஷம் குளக்கட்டிலும் தண்ணீர் திறந்துவிடும் துருசடியிலும் நின்றவன் நான். தண்ணீரைக் கண்டால் முதலில் மட்டம்தான் பார்ப்பேன். குவீன்ஸ்டவுனின் அந்த வாக்கட்டிப்பு ஏரிக்கரையில் ஒரு கல்லைக் குறி வைத்தேன். சற்று நேரத்தில் கல் நனைந்தது, அப்புறம் காய்ந்தது. மழையில்லை, துருசு திறக்க ஆளுமில்லை. ஏறக்குறைய 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ஏரி இப்படி ஏறி இறங்குமாம். 80 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய ஏரி. தூக்கிப் போகும் வாளியில் தண்ணீர் தளம்புவது போலத்தான். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களோ, அடியில் கிடக்கும் ஓர் அரக்கனின் இதயம் துடிக்கிறது என்பார்கள். இரணைமடுக் குளத்தில் இத்தனை காலம் மட்டம் பார்த்தும் எனக்கு இப்படி ஒரு கதை கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

கப்பலின் பெயர் ஏர்ன்ஸ்லோ. 1912இல் தண்ணீரில் இறங்கியது. டனீடினில் செய்து, கழற்றி, துண்டு துண்டாக றெயிலில் ஏற்றி, ஏரியின் தென்கோடியில் உள்ள கிங்ஸ்டனில் திரும்பப் பூட்டினார்களாம். அந்தக் காலத்தில் ரோட்டு இல்லாத கரைகளுக்கு ஆடு, மாடு, கம்பளி எல்லாம் இதில்தான் போயின. மேல்தட்டில் நின்று எல்லோரும் மலையைப் படம் பிடிப்பார்கள். நீங்கள் நடுவில் உள்ள இயந்திர அறைக்குப் போங்கள். மேலே நின்று எட்டிப் பார்க்கலாம். ஓர் ஆள் சவளால் கரி அள்ளி அடுப்பில் எறிந்துகொண்டே இருப்பார். மணித்தியாலத்துக்கு ஒரு தொன் வேண்டுமாம். நெல் அவிக்கிற அடுப்படியில் நின்றது போல எனக்கு வேர்த்தது. வெளியே வந்தால் குளிர் காதைப் பிய்க்கும், அங்கே மார்கழி கோடைகாலம் என்று நம்பி மெல்லிய சேலையோடு போகாதீர்கள்.

பயம் வேண்டாம். 51 மீற்றர் நீளக் கப்பல், நான் போன அன்று தேத்தண்ணீர்க் கோப்பைகூட ஆடவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் பண்ணை இருக்கும் வோல்ட்டர் பீக் வந்துவிடும். ஒன்று மட்டும்: புகைபோக்கிக்குப் பின்னால் நிற்காதீர்கள். என் வெள்ளைச் சேட்டில் விழுந்த கரி இன்னும் போகவில்லை.

பண்ணையில் மாட்டை விடுங்கள். கண்ணை மறைக்கிற சடையோடு நிற்கும், நம் வெயிலுக்கு அரைநாள் தாங்காது. நாயைப் பாருங்கள். ஒரு வகை நாய் குரைத்தே செம்மறிகளைத் தள்ளிக்கொண்டு போகும். இன்னொன்று வாயே திறக்காது. வயிறு நிலத்தில் பட ஊர்ந்து வந்து, முறைத்துப் பார்க்கும். அந்தப் பார்வைக்கே மந்தை திரும்பும். பின்னேரத்தில் பட்டி சாய்க்க நீங்கள் போடுகிற சத்தம் முரசுமோட்டைக்கே கேட்குமே, அதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

அந்த நாயில் ஒரு குட்டி ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். மருமகன் மலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.